புளோரிடாவில் 'கிஃப்டட்' டெஸ்ட்: புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, மதுரையிலிருந்து வந்து நாலே மாதம். இரண்டாம் வகுப்புப் பையனை, அதிகத் திறமையுள்ள பிள்ளைகளுக்கான தனி வகுப்புக்கு ஆள் எடுக்கும் 'கிஃப்டட்' டெஸ்டுக்கு அனுப்பலாமா, கோச்சிங்கில் போடணுமா என்று கேட்டிருக்கிறீர்கள். டெஸ்டுக்கு அனுப்புங்கள். கோச்சிங் வேண்டாம், புதிர்களைப் பழகி ஏற்றுகிற மார்க்கை வைத்து அவனைப் பற்றி என்ன தெரிந்துகொள்ளப் போகிறோம்?

அதைவிட முக்கியம், பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் வீட்டு மொழிக்கு என்ன எழுதினீர்கள்? நான் கெத்தாக இங்கிலீஷ் என்று எழுதினேன். அந்தத் தப்புக்கு விலை கொடுத்தது என் மகள்.

அந்த வகுப்புக்குள் போக இங்கே பொதுவான வாசல், டெஸ்டில் ஐக்யூ (அறிவுத்திறன் மார்க்) 130. ஆங்கிலம் இன்னும் பிடிபடாத பிள்ளைகளுக்கும் வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் 'பிளான் பி' என்று தனி வழி உண்டு. அதில் கட்-ஆஃப் குறைவு. வீட்டு மொழி இங்கிலீஷ் என்று நான் எழுதியதால் ஆங்கிலம் கற்பவர் பட்டியலிலேயே இல்லாத என் மகளுக்கு அது கிடைக்கவில்லை. 127 வாங்கினாள். ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டார்களாம். கையை முறுக்கிச் செய்து காட்டினாளாம், வாயால் சொல்ல இங்கிலீஷ் வரவில்லை. இந்த டெஸ்டில் நாலைந்து புள்ளி அப்படி இப்படி ஆவது சாதாரணம். ஆனாலும் 127 என்றால் வெளியே, 130 என்றால் உள்ளே! பக்கத்து வீட்டுக்காரர் காசு கொடுத்துத் தனியார் சைக்காலஜிஸ்டிடம் மறுபடி எடுத்தார். அவர் பையன் உள்ளே போய்விட்டான். எனக்கு இன்றும் எரிச்சல்தான்.

இதற்காக ஐக்யூ டெஸ்டையே தூக்கிப்போடச் சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். இங்கேயே புரோவர்ட் மாவட்டத்தில் முன்பெல்லாம் ஆசிரியரோ பெற்றோரோ சொன்னால்தான் டெஸ்ட். 2005 வாக்கில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்குமே, சொற்கள் இல்லாத படப் புதிர்களை முதல் கட்டமாக வைத்தார்கள். தேர்வான கறுப்பின, ஹிஸ்பானிக் (லத்தீன் அமெரிக்க வம்சாவளி), ஏழைப் பிள்ளைகளின் எண்ணிக்கை சட்டென்று கூடியது. பணமில்லை என்று நிறுத்தியதும் பழைய கதைதான். டேவிட் கார்ட், லாரா ஜூலியானோ என்ற பொருளாதார ஆய்வாளர்கள் இதை விரிவாக எழுதியிருக்கிறார்கள். யாருக்கு டெஸ்ட் வைக்கிறார்கள் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

அதனால் டீச்சர் கண்ணில் படட்டும் என்று காத்திருக்காதீர்கள். பெரியவர்கள் முன்னால் வாய் திறக்காத நம் பிள்ளையை இங்கே சுமார் என்று நினைத்துவிடுவார்கள். பள்ளிக்கு எழுத்தில் கேளுங்கள். சொற்கள் இல்லாத டெஸ்ட் உண்டா, பிளான் பி பொருந்துமா என்று அதிலேயே சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

அன்றைக்குக் காலையில் வயிறு நிறைய இட்லி. அப்புறம், "இங்கிலீஷ் வரலைன்னா கையை மட்டும் ஆட்டாதே, தெரிஞ்ச வார்த்தையில சொல்லு" என்று சொல்லி அனுப்புங்கள்.