காணாக்கடிக்கு மீன் மேல ஏன் பழி?

கேள்வி: டாக்டரம்மா வணக்கம். பாம்பன் பக்கம் எங்க ஊரு. பையனுக்கு அஞ்சு வயசு. பதினோரு நாளா உடம்புல திட்டுத் திட்டா தடிச்சு செவந்து வருது, ஒரே அரிப்பு. சாயங்காலம் முதுகுல இருந்தது காலையில பாத்தா இல்ல, தொடையில வந்து நிக்குது. டாக்டர்ட்ட காட்டலாம்னு பஸ் ஏறுனா அங்க போறதுக்குள்ள உடம்பு சுத்தமா இருக்கு, என்னத்த காட்றது? மாமியா காணாக்கடின்னு சொல்லி வேப்பிலை அடிச்சு மந்திரிச்சு விட்டாக. பக்கத்து வீட்ல மீன்தான் சேரலன்னாக, மூணாம் நாளே மீன நிறுத்தியாச்சு. அப்புறம் முட்டை, கத்திரிக்கா, தக்காளி, பாலுன்னு ஒண்ணொண்ணா நிறுத்தி இப்ப இட்லியும் ரசஞ்சோறும்தான். அப்பவும் வருது. அவுக அப்பா கடலுக்குப் போறவுக, வீட்ல மீன் வறுத்தாலே புள்ள அழுகுறான். என்னதான்மா காரணம்?

பதில்: உங்க லெட்டர்லயே பாதி பதில் இருக்கும்மா. மீன நிறுத்தி எட்டு நாளாச்சு, தடிப்பு இன்னும் வருது. அப்ப மீன் எப்படி காரணமாகும்?

சாப்பாட்டு அலர்ஜின்னா சாப்பிட்ட சில நிமிசத்துல இருந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள வந்துரும், அடுத்த தடவ அதையே சாப்பிட்டா பெரும்பாலும் திரும்பவும் வரும். நேத்து தின்ன மீனுக்கு இன்னைக்கு ராத்திரி தடிக்காது. பையன் இத்தன வருசமா மீன் தின்னு வளந்தவன், தின்ன உடனே எப்பவாச்சும் உதடு வீங்குச்சா, வாந்தி எடுத்தானா, தடிச்சுச்சா? இல்லைன்னா வறுக்கிற மீன்ல அவனுக்கும் ரெண்டு துண்டு வைங்க. முட்டை, பாலுக்கும் இதே கணக்குதான். வளர்ற புள்ளைய ரசஞ்சோத்துல போட்டு வச்சா தடிப்பு போகாது, எடைதான் போகும்.

அப்ப என்னதான் காரணம்னா, கொஞ்சம் பின்னாடி யோசிச்சுப் பாருங்க, தடிப்பு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வாரம் பத்து நாள்ல சளி, காய்ச்சல், தொண்ட வலின்னு ஏதாச்சும் வந்துச்சா? சின்னப் புள்ளைகளுக்கு இப்படித் திடீர்னு வர்ற தடிப்புல ரொம்ப அதிகமா பாக்குற காரணம் வைரஸ் காய்ச்சல்தான். காய்ச்சல் போயிரும், ஆனா உடம்போட காவல் வேலை இன்னும் அடங்கியிருக்காது, தோலுக்குள்ள இருக்கிற மாஸ்ட் செல்லுங்க ஹிஸ்டமைன்னு ஒரு சரக்க அவுத்து விடும், அந்த எடத்துல ரத்தக் குழாய்ல இருந்து நீர் கசிஞ்சு தோல் உப்பி அரிக்கும். ஒரு எடத்துல அடங்கும்போதே இன்னொரு எடத்துல கெளம்பும். நீங்க பஸ் ஏறுனதும் காணாமப் போறது அதனாலதான். அடுத்த தடவ போன்ல போட்டோ எடுத்துட்டு வாங்க, அதுபோதும்.

ரொம்ப தடவ தேடிப்பாத்தும் காரணமே கெடைக்காது, அதையும் சொல்லிடுறேன். கடிச்சது எதுன்னு காணல, அதனாலதான் காணாக்கடி. காரணம் தெரியலன்னு ஒத்துக்கிட்டு பேரு வச்ச ஆளுக நம்ம பெரியவுக, நாமதான் இப்ப எதையாச்சும் பிடிச்சு உள்ள போடணும்னு நிக்கிறோம். நாங்களும் சீட்டுல இடியோபதிக்னு இங்கிலீஷ்ல எழுதுறோமே, அதுக்கும் இதே அர்த்தந்தான், கேக்கத்தான் பெருசா இருக்கும். மாமியாட்ட சண்டைக்குப் போகாதீங்க. ஒரு தடிப்பு பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள்ள தானா அமுங்கிரும், அதுக்குள்ள யாரு மந்திரிச்சாலும் பேரு அவுகளுக்குத்தான் (என் மாத்திரைக்குங்கூட பாதிப் பேரு இப்படி வந்ததுதான்). வேப்பிலைய வச்சு தேய்க்காம லேசா தடவுனா சரி, ஆனா பச்சிலை கசாயம் எதையும் உள்ளுக்கு குடுக்க வேணாம்.

மருந்துன்னா செட்டிரிசின், லோரட்டடின் மாதிரி தூக்கம் அதிகம் வராத அலர்ஜி சிரப்பு. எத்தன மில்லின்னு வயசையும் எடையையும் பாத்து டாக்டர் சொல்லணும், பக்கத்து வீட்டுப் புள்ளைக்கு எழுதுன சீட்ட வச்சு வாங்காதீங்க. எல்லாரும் பண்ற தப்பு ஒண்ணு இருக்கு, தடிச்சா குடுக்கிறது, அடங்குனா நிறுத்துறது. அப்படிப் பண்ணா நாளெல்லாம் தொரத்திக்கிட்டேதான் இருக்கணும், டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் தடிப்பு இல்லாட்டியும் தெனமும் குடுங்க. மேல போடுற ஸ்டீராய்டு களிம்பு இதுக்கு ஒண்ணும் பெருசா பண்ணாது. வெந்நியில குளிப்பாட்டுனா அரிப்பு கூடும், ஆறுன தண்ணி போதும். காய்ச்சலுக்கு இபுப்ரூஃபன் கலந்த சிரப்பு குடுத்துக்கிட்டிருந்தா அத டாக்டர்ட்ட சொல்லுங்க, சில புள்ளைகளுக்கு அது தடிப்ப ஏத்தி விடும்.

எதெது அலர்ஜின்னு மொத்தமா பாக்குற முழு பேனல்னு சொல்லி ரத்த டெஸ்டுக்கு இப்பவே ஓடாதீங்க. மண்டபத்துல இருந்து ஒருத்தர் ரிப்போர்ட் அனுப்பியிருந்தாரு, 14 சாமானுக்கு பாசிட்டிவாம், அதுல பாதிய புள்ள தெனமும் தின்னு நல்லாத்தான் இருக்கு! டெஸ்டுல பாசிட்டிவ் வந்தா ரத்தத்துல அதுக்கான ஐஜிஇன்னு ஒரு அலர்ஜி எதிர்ப்பொருள் இருக்குன்னுதான் அர்த்தம், தின்னா தடிக்கும்னு அர்த்தம் இல்ல. இந்தத் தடிப்பு ஆறு வாரத்துக்குள்ள அடங்குறதுதான் அதிகம். ஆறு வாரம் தாண்டுனா வேற கணக்கு, அப்ப ஸ்கின் டாக்டர்ட்டயோ அலர்ஜி டாக்டர்ட்டயோ போகணும்.

பயப்பட வேண்டியது எதுக்குன்னா, தடிப்போட சேத்து நாக்கோ தொண்டையோ வீங்குறது, குரல் கம்முறது, மூச்சு விசில் அடிக்கிறது, விடாம வாந்தி, புள்ள தொவண்டு போறது. இதுல ஒண்ணு வந்தாலும் சிரப்பு குடுத்துட்டு பாப்போம்னு உக்காராதீங்க, 108க்கு அடிங்க. தொடையில போடுற அட்ரினலின் ஊசிதான் உயிரக் காப்பாத்தும். இன்னொன்னு, ஒரு தடிப்ப சுத்தி பேனாவால கோடு போட்டு வைங்க. மறுநாளும் அதே எடத்துல இருக்கு, அரிப்ப விட வலி கூட, அமுக்குனா செவப்பு மறையல, கன்னிப்போன மாதிரி தடம் விழுது, மூட்டு வீங்குதுன்னா அது காணாக்கடி இல்ல, அன்னைக்கே காட்டணும்.

கேள்வி: கீழக்கரையில இருந்து எழுதுறேன். போன வாரம் சூரை மீன் ஆணம் வச்சோம், சாப்பிட்ட அரை மணி நேரத்துல எனக்கு, மகளுக்கு, பேத்திக்கு மூணு பேருக்கும் மூஞ்சி செவந்து, உடம்பு தடிச்சு, தலைவலி. மறுநாள் சரியாயிருச்சு. பேத்திக்கு எட்டு வயசு, இனிமே மீனே குடுக்கக் கூடாதா?

பதில்: ஒரே சட்டியில தின்ன மூணு பேருக்கும் ஒரே நேரத்துல அலர்ஜி வர்றது அபூர்வம்மா. இது மீன் கெட்ட கணக்கு. சூரை, கானாங்கெளுத்தி, சூடை மாதிரி மீன்ல ஹிஸ்டிடின்னு ஒண்ணு நெறைய இருக்கு. பிடிச்சதுல இருந்து ஐஸ் சரியா போடலைன்னா கிருமி அத ஹிஸ்டமைனா மாத்திப்புடும். மேல சொன்ன பையனுக்கு தோலுக்குள்ள ஊறுன அதே சரக்கு உங்களுக்கு சட்டியில வந்திருக்கு, அவ்வளவுதான். கொதிக்க வச்சாலும், வறுத்தாலும், கருவாடாக்குனாலும் அது அழியாது. நாத்தம் வராமலும் இருக்கும், சில நேரம் நாக்குல மொளகு மாதிரி சுரீர்னு இருக்கும், அப்பிடி இருந்தா அந்த வாயோட நிறுத்திருங்க. பேத்திக்கு இளைப்பு (ஆஸ்துமா) இருந்தா இது கொஞ்சம் கடுமையாவும் வரலாம், அப்ப ஆஸ்பத்திரிக்கு போயிருங்க.

அவளுக்கு மட்டும் வந்திருந்தா என் பதிலே வேற. இப்ப நல்ல ஐஸ்ல இருந்த மீனா பாத்து வாங்கிக் குடுங்க. விக்கிறவரு வெயில்ல பலகையில பரப்பி வச்சு ஒரு மணி நேரமா தண்ணி தெளிச்சுக்கிட்டே இருந்தாருன்னா வெல கொறச்சாலும் வேணாம்.

கேள்வி: தொண்டி. மூணு வயசு பொண்ணு, கால் கையில சின்னச் சின்ன அரிப்புக் கொப்பளம், ஒவ்வொண்ணும் ஒரு வாரத்துக்கு மேல கெடக்கு. ஆறு மாசமா வந்து வந்து போகுது. இதுவும் காணாக்கடியா?

பதில்: இல்ல, இது நெசமாவே கடி. ஒரே எடத்துல ஒரு வாரம் கெடக்குதுன்னா கொசு, தெள்ளு, மூட்டப்பூச்சின்னு ஏதோ கடிச்சதுக்கு தோலு கோவப்படுது. நாய், பூனை, ஆட்டுக்குட்டி கூட வெளையாடுறாளான்னு பாருங்க, பாயி தலகாணிய வெயில்ல போடுங்க, கொசுவல கட்டுங்க, நகத்த ஒட்ட வெட்டி விடுங்க. ராத்திரி அரிப்பு கூடி, விரல் இடுக்குல இருந்து, வீட்ல மத்தவுகளும் சொறியுறாகன்னா அது சிரங்கு, எல்லாரும் ஒரே நாள்ல மருந்து போடணும்.