வெள்ளை ரண் பார்க்கக் கூடார பேக்கேஜ் கட்டாயமா?

கேள்வி: நவம்பர் முதல் வாரம் வயதான பெற்றோருடன் குஜராத்தின் கட்ச் போகிறோம். தோர்டோ கிராமத்தில் கூடாரம் எடுத்தால்தான் வெள்ளை ரண் எனும் உப்புப் பாலைவனத்துக்கு பெர்மிட் கிடைக்கும், இல்லாவிட்டால் அதற்கு மட்டும் தலைக்கு 600 ரூபாய் என்கிறார் ஏஜென்ட். உண்மையா?

பதில்: உண்மையில்லை. கூடாரத்துக்கும் பெர்மிட்டுக்கும் சம்பந்தமே கிடையாது. எல்லையை ஒட்டிய பகுதி என்பதால்தான் பெர்மிட். மாவட்டத் தலைநகர் புஜ்ஜிலிருந்து தோர்டோ சுமார் 80 கி.மீ.; வழியில் பிரண்டியாரா செக்போஸ்ட்டில் நீங்களே வாங்கலாம். ஒவ்வொருவரின் அடையாள அட்டை நகல், வண்டி எண், ஓட்டுநர் உரிமம் போதும். கட்டணம் நபருக்கு நூறு ரூபாய் அளவில்தான், வண்டிக்குத் தனி. ரசீதைப் பத்திரமாக வையுங்கள், உள்ளே மறுபடி கேட்பார்கள். அங்கே நடக்கும் ரண் உத்சவ் திருவிழாவுக்கு நாடு முழுக்க விளம்பரம் செய்கிறார்களே, அதில் ஒரு மூலையில் இந்தக் கட்டணத்தையும் அச்சடித்தால் என்ன? தரகர்கள் பிழைப்பதே இந்த மௌனத்தால்தான்.

எனக்குக் கவலை உங்கள் தேதி. மழைக்காலத்தில் ரண் முழுக்கத் தண்ணீர். அது வற்றிய பிறகே உப்பு படியும். நவம்பர் தொடக்கத்தில் பல இடங்களில் மேலே மெல்லிய வெள்ளைத் தோல், கீழே கறுப்புச் சேறு. கால் வைத்தால் கணுக்கால்வரை புதையும். டிசம்பர் பாதிக்குமேல் பிப்ரவரிக்குள் போவது நல்லது. அதிலும் ஒரு விலக்கு: மழை தாமதமாக நின்ற வருடங்களில் டிசம்பரிலும் தண்ணீர் நிற்கும். ஆகவே முன்பணம் கட்டுமுன், தங்கப்போகும் இடத்தில் அன்று காலை எடுத்த படம் கேளுங்கள். காட்சிக் கோபுரத்துக்குக் கீழே தரை தெரிய வேண்டும். வானமும் ஒட்டகமும் மட்டும் வந்தால் அது போன வருடப் படம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தங்க, ஹோட்கா கிராமத்தில் 'புங்கா' எனும் வட்ட மண்வீடுகள் உண்டு. பௌர்ணமியை ஒட்டி வாடகை ஏறும்.

இன்னொரு பொறி: தசாடா பக்கத்து விடுதிகளும் 'ரண்' என்றே விற்கப்படும். அது சிறிய ரண், காட்டுக்கழுதை சரணாலயம். அனுமதி வனத்துறையுடையது, தோர்டோவிலிருந்து ஒரு பகல் பயணம். பதிவு செய்யுமுன் ஊர்ப் பெயரைப் பாருங்கள்.

பெற்றோருக்காக: வண்டி நிறுத்துமிடத்திலிருந்து உப்புவரை கணிசமான நடை. ஒட்டக வண்டி கிடைக்கும். திரும்பி வருவதையும் சேர்த்து ஏறுமுன்பே விலை பேசுங்கள். சூரியன் விழுந்ததும் குளிர் சட்டென்று இறங்கும், காதை மூடும் துணி அவசியம்.