கேளுங்கள், சொல்கிறேன்: ஓடாத ஃபேன் ஏன் சுற்றுகிறது?

கேள்வி: என் மாமியாருக்கு 62 வயது. படுக்கையில் வலப்பக்கம் புரண்டாலே ஓடாத ஃபேன் சுற்றுகிறதாம், அரை நிமிஷத்தில் தானாக நின்றுவிடுகிறது. கழுத்தெலும்புத் தேய்மானம் என்று ஆறு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறார். காதால் இப்படி வருமா?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: வரும். நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது 'வலப்பக்கம் புரண்டால்', 'அரை நிமிஷம்' என்ற இரண்டும்தான். டாக்டரிடமும் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள், வெறுமனே 'தலை சுற்றுகிறது' என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள்.

காதால் வரும் தலைசுற்றலை ஆராயும் துறையே ஒரு நோயாளியின் முணுமுணுப்பில்தான் சூடு பிடித்தது. 1900-களின் தொடக்கத்தில், வியன்னாவில் ராபர்ட் பாரனி என்ற இளம் காது மருத்துவர் நோயாளிகளின் காதைப் பீச்சாங்குழலால் தண்ணீர் அடித்துக் கழுவுவார், பலருக்குத் தலை சுற்றும். ஒருவர் சொன்னார்: தண்ணீர் போதிய சூடாக இல்லாவிட்டால்தான் எனக்குச் சுற்றுகிறது, வீட்டில் நானே வெதுவெதுப்பான நீரில் கழுவினால் ஒன்றும் ஆவதில்லை. சரி என்று நர்ஸிடம் சூடான தண்ணீர் கேட்டார் பாரனி. அது சூடு அதிகமாகிப்போய் மறுபடியும் தலை சுற்றியது. ஆனால் அப்போது அந்த ஆளின் கண்களைப் பார்த்தார்: குளிர்ந்த நீருக்கு ஒரு பக்கமாகத் துள்ளிய கண்கள் இப்போது எதிர்ப்பக்கமாகத் துள்ளின! வீட்டில் குளிக்க வெந்நீர் போடும் பாத்திரம் அவர் நினைவுக்கு வந்தது, மேலே கொதிக்கும், அடியில் சில்லென்று இருக்கும். உள்காதில் இருக்கும் மூன்று அரைவட்டக் குழல்களுக்குள்ளும் திரவம்தானே, சூடானால் மேலேறும், குளிர்ந்தால் இறங்கும், அந்த ஓட்டத்தை 'தலை திரும்புகிறது' என்று மூளை எடுத்துக்கொள்கிறது. தலையின் நிலையை மாற்றிப் பார்த்தார், கண் துள்ளும் திசையும் மாறியது. காதின் சமநிலை உறுப்பைச் சோதிக்க இன்றும் இந்த வெந்நீர், குளிர்ந்த நீர் முறை உண்டு. (1983-இல் எடையில்லாத விண்வெளியில் செய்து பார்த்தபோதும் கண் துள்ளியது, ஆக திரவம் ஏறி இறங்குவது மட்டும் காரணமில்லை.)

இந்த ஆய்வுக்கு 1914-க்கான நோபல் பரிசு கிடைத்தபோது பாரனி ரஷ்யர்களிடம் போர்க்கைதி. ஸ்வீடன் இளவரசர் கார்ல் தலையிட்டு 1916-இல் விடுதலை வாங்கித் தந்தார். பிறகு ஸ்வீடனின் உப்சாலாவில் பேராசிரியராக இருந்தார். 1921-இல் அவர் விவரித்த 27 வயதுப் பெண் ஒருத்திக்கும் படுத்துத் தலையைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் சுற்றியது, அப்படியே உங்கள் மாமியார் கதை.

காரணம் பின்னால்தான் தெளிவானது. உள்காதில் கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒரு பசையில் ஒட்டியிருக்கும். வயதாலோ தலையில் அடிபட்டோ அவை உதிர்ந்து அரைவட்டக் குழலுக்குள் விழுந்துவிடும், புரளும்போது உருளும், கூடவே திரவமும் அசையும், தலை சுற்றும். அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஜான் எப்லி என்ற டாக்டர், தலையைப் படிப்படியாகத் திருப்பியே துகளை வெளியே உருட்டிவிடும் முறையைக் கண்டுபிடித்தார். பல வருஷம் சக மருத்துவர்கள் நம்பவில்லை, கட்டுரை அச்சேறியது 1992-இல்தான். சில நிமிஷ வேலை, பலருக்கு ஒன்றிரண்டு தடவையில் சரியாகிவிடுகிறது. இத்தனை எளிய வழி இருக்கும்போது ஆறு மாதம் மாத்திரை என்பது எனக்கு மனசு பொறுக்கவில்லை. காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப் போங்கள். எந்தக் காது, எந்தக் குழல் என்று அவர் பார்த்துச் சொல்லும் முன் வீடியோ பார்த்து நீங்களே செய்ய வேண்டாம். தலைசுற்றலோடு பேச்சுக் குழறினாலோ, கை கால் தளர்ந்தாலோ, பொருள் இரண்டாகத் தெரிந்தாலோ அது வேறு விஷயம், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்குப் பேசுவது கேட்கிறது, ஆனால் புரியவில்லை என்கிறார். கத்தினால் கோபம் வருகிறது. இது என்ன?
(வாசகர், மதுரை)

பதில்: அவர் சொல்வது உண்மை. புடாபெஸ்ட் தபால் துறை ஆய்வுக்கூடத்தில் தொலைபேசிக்காக வேலை பார்த்த கேயோர்க் பெகேஷி, இறந்தவர்களின் உள்காதைத் திறந்து, நத்தைக்கூடு போலச் சுருண்ட பகுதியின் சவ்வில் ஒலி அலையாக ஓடுவதை நேரில் பார்த்தார்: கீச்சென்ற ஒலிக்கு வாசலருகே, கனத்த ஒலிக்கு உள்கோடியில் அலை உச்சமாகிறது. 1961-இல் அதற்கு நோபல். வயதானால் வாசலருகே உள்ள, ஒலியை உணரும் மயிர்ச்செல்கள்தான் முதலில் போகின்றன. அதனால் 'அ', 'ஓ' காதில் விழும், 'ச', 'த', 'ப' நழுவும். பட்டு, தட்டு, கட்டு மூன்றும் அவருக்கு ஒன்றுபோல இருக்கும். கத்தினால் கேட்கிற சத்தம்தான் இன்னும் பெரிதாகும். எதிரே உட்கார்ந்து, முகம் தெரிய, நிதானமாகப் பேசிப் பாருங்கள், டிவியை அணைத்துவிட்டு. அப்புறம் காது கேட்கும் அளவை ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்.