பயாப்சியை வெளி லேபுக்கு அனுப்பினால் பதிவேட்டுக்குச் சொல்ல வேண்டியது யார்?

கேள்வி: சிறிய பரிசோதனைக்கூடம் நடத்துகிறேன். பயாப்சி வந்தால் பெரிய லேப் ஒன்றுக்கு அனுப்பி ரிப்போர்ட் வாங்கித் தருவோம். புற்றுநோய் என்று வந்தால் அரசின் புற்றுநோய்ப் பதிவேட்டுக்கு நாங்கள் தெரிவிக்க வேண்டுமா, அவர்களா? நோயாளியின் ஒப்புதல் வேண்டுமா? “ஆண்டுச் சந்தா கட்டுங்கள், எல்லாவற்றையும் நாங்களே அனுப்பிவிடுகிறோம், இல்லையென்றால் அபராதம் வரும்” என்று ஒருவர் விடாமல் வந்துகொண்டிருக்கிறார்.

பதில்: முதலில் அந்த ஆளுக்குப் பணம் கொடுக்காதீர்கள். அதைவிட முக்கியம், நோயாளிகளின் பட்டியலைக் கொடுக்காதீர்கள். பதிவேட்டுக்கு விவரம் அனுப்ப லேப் யாருக்கும் சந்தா கட்டத் தேவையில்லை. படிவத்தைப் பதிவேட்டு அலுவலகத்திலேயே கேட்டு வாங்கலாம். புற்றுநோயாளிகளின் பெயரும் தொலைபேசி எண்ணும் கொண்ட பட்டியலுக்கு வெளியே விலை உண்டு. அது கைமாறினால் அடுத்த வாரமே அந்த வீடுகளுக்கு ‘அற்புத மருந்து’க்காரர்கள் போன் செய்வார்கள். பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான், அவர் அல்ல.

அதற்காக நேரில் வருகிற எல்லோரையும் விரட்டிவிடாதீர்கள். இந்தியாவில் 1981-ல் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் தொடங்கியதிலிருந்து, பதிவேட்டு ஊழியர்களே மருத்துவமனைக்கும் லேபுக்கும் வந்து குறித்துக்கொண்டு போவது வழக்கம். அமெரிக்காவில் மாநிலச் சட்டப்படி லேபே அனுப்ப வேண்டும். நேரில் வருகிறவர் உண்மையான ஊழியர் என்றால் கையில் கடிதம் இருக்கும், பணம் கேட்க மாட்டார். சந்தேகம் வந்தால் பதிவேட்டு அலுவலகத்துக்கே போன் செய்யுங்கள். அந்த எண்ணையும் அவரிடம் வாங்காமல் நீங்களே தேடி எடுங்கள்.

சரி, யார் தெரிவிப்பது? பொதுவாக, ஸ்லைடைப் பார்த்துக் கையெழுத்திட்ட நோய்க்குறியியல் மருத்துவர் எந்த லேபில் இருக்கிறாரோ, அந்த லேப். உங்கள் பகுதி விதி இருவரையும் கேட்டால் இருவருமே அனுப்புங்கள். ஒரே ஆள் இரண்டு முறை வந்தாலும் பெயர், பிறந்த தேதி, நோய் வந்த உறுப்பு மூன்றையும் ஒப்பிட்டு ஒன்றாக்குவது பதிவேட்டில் அன்றாட வேலை. வராமலே போன நோயாளியைத்தான் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

ஒப்புதல் பற்றி: சட்டப்படி தெரிவித்தாக வேண்டிய இடங்களில் தனிக் கையெழுத்து தேவையில்லை. சட்டம் இல்லாத இடத்தில் பதிவேட்டுடன் எழுத்தில் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்.

நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டியது முகவரியைப் பற்றி. பதிவேடு என்பது ஒரு பகுதியில் வசிப்பவர்களில் எத்தனை பேருக்கு எந்தப் புற்றுநோய் என்று கணக்கிடுவது. பெரிய லேபுக்கு நீங்கள் அனுப்புவதோ பெயர், வயது, மாதிரி எண். முகவரிக் கட்டம் காலியாகக் கிடக்கும், அவர்கள் உங்கள் லேபின் முகவரியை அதில் போட்டுவிடுவார்கள். அப்புறம் பதிவேட்டில் பார்த்தால் ஒரே கதவிலக்கத்தில் ஒரு தெருவே குடியிருக்கும்! வேறு மாவட்டத்திலிருந்து வந்தவரும் உங்கள் ஊர்க் கணக்கில் ஏறுவார். வீட்டு முகவரி உங்கள் கவுண்டரில் மட்டும்தான் கிடைக்கும். அங்கே விட்டால் விட்டதுதான்.

இன்னொரு பொறி, கணினியில் ‘கார்சினோமா’ (புற்று) என்று தேடிப் பட்டியல் எடுப்பது. ‘கார்சினோமா இல்லை’ என்ற ரிப்போர்ட்டும் அதில் வந்து விழும். கட்டி வகைக்குரிய குறியீட்டில் சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ள இலக்கத்தைப் பாருங்கள். 8140/3 என்றால் அடினோகார்சினோமா, சுரப்பித் திசுவில் தோன்றும் புற்று. அந்த 3 பரவும் தன்மையுள்ள புற்றைக் குறிக்கும். 2 என்றால் தோன்றிய இடத்தைத் தாண்டாதது. 0 என்றால் சாதுவான கட்டி, அதாவது புற்று அல்லாதது. 3-ஐயும் 2-ஐயும் அனுப்புங்கள்.

0-ஐ அனுப்ப வேண்டாம், மூளையைத் தவிர. இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். மூளை உறையில் வரும் மெனிஞ்சியோமாவின் குறியீடு 9530/0, சாதுவானதுதான். ஆனால் மண்டை ஓடு விரிந்து கொடுக்காது. உள்ளே எது வளர்ந்தாலும் மூளையை அழுத்தும். பார்வை போகலாம், வலிப்பு வரலாம், உயிரே போகலாம். அதனால்தான் அமெரிக்காவில் 2004 முதல் மூளை, தண்டுவடம், அவற்றின் உறைகள், மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி இவற்றின் சாதுவான கட்டிகளையும் பதிவேட்டில் சேர்க்கிறார்கள். உங்கள் பதிவேடும் அப்படிக் கேட்கிறதா என்று விசாரித்துவிடுங்கள். 3 மட்டும் போதும் என்று யாராவது மென்பொருளை அமைத்துக் கொடுத்தால் இவை அத்தனையும் சத்தமில்லாமல் விடுபடும்.

படிவத்தில் நோயின் நிலை, சிகிச்சை என்றெல்லாம் கேட்டிருப்பார்கள். சதைத் துண்டை மட்டும் பார்க்கிற லேபுக்கு அது எப்படித் தெரியும்? இதைப் பல காலமாகச் சொல்லியும் படிவம் மாறுவதாக இல்லை. ஊகித்து நிரப்பாதீர்கள், ‘தெரியாது’ என்று எழுதுங்கள். அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்று ஒரு வரி பதில்கூட வராத இடங்கள் உண்டு. ஆகவே அனுப்பிய நகலும் தேதியும் உங்களிடம் இருக்கட்டும். ரிப்போர்ட் பின்னால் திருத்தப்பட்டால் திருத்தியதையும் அனுப்புங்கள்.

பெரிய லேபுடன் உள்ள ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: பதிவேட்டுக்குத் தெரிவிப்பது அவர்கள் பொறுப்பு, நோயாளியின் வீட்டு முகவரியை மாதிரியுடன் தருவது உங்கள் பொறுப்பு. மாதக் கடைசியில், அவர்கள் தெரிவித்த பெயர்களின் பட்டியலைக் கேட்டு வாங்கி உங்கள் ரிப்போர்ட்டுகளோடு ஒப்பிடுங்கள்.