பின்கோடு எதற்கு?

கேள்வி: ஊர், மாவட்டம் எல்லாம் எழுதிய பிறகும் பின்கோடு ஏன் கேட்கிறார்கள்? எப்போது வந்தது?

பதில்: 1972 ஆகஸ்ட் 15 அன்று. வடிவமைத்தவர் தகவல் தொடர்பு அமைச்சக அதிகாரி ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர், சமஸ்கிருதக் கவிஞரும்கூட. ஒரே பெயரில் பல ஊர்கள், முகவரியோ பல மொழிகளில். நம் ‘புதூர்’ எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்! தபால் பிரிப்பவர் தடுமாறாமல் இருக்கவே இந்த அருமையான ஏற்பாடு.

625001-ஐப் பார்ப்போம். 6 என்பது தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, லட்சத்தீவு அடங்கிய மண்டலம். முதல் மூன்று இலக்கமும் சேர்ந்து, மதுரையை மையமாகக் கொண்ட பிரிப்புப் பகுதி. கடைசி மூன்று, பட்டுவாடா செய்யும் அஞ்சலகம். 9-இல் தொடங்கினால் ராணுவ அஞ்சல். கடைசி இலக்கம் பிசகினால் கடிதம் பக்கத்து அஞ்சலகம் போய்ச் சுற்றி வரும். முதல் இலக்கம் பிசகினால் வேறு மாநிலத்துக்கே போய்விடலாம். கையால் எழுதும்போது 1, 7 இரண்டும் குழம்பாமல் எழுதுங்கள்.