ஆட்டிசம் உள்ளவர்களுக்கு உணர்ச்சியும் இரக்கமும் குறைவு என்கிறார்களே, உண்மையா?

உண்மையில்லை. என் தம்பிக்கு ஆட்டிசம் இருக்கிறது, வளர்ந்து வேலைக்குப் போகிறான். "அவனுக்குப் பாசமே கிடையாது" என்று உறவினர்கள் சொல்லும்போதெல்லாம் மனசு வலிக்கும். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

உங்கள் கேள்வியில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று ஆட்டிசம், இன்னொன்று அலெக்ஸிதைமியா. உள்ளே ஏதோ நடக்கிறது என்று தெரியும், ஆனால் அது பயமா, கோபமா, வருத்தமா என்று பிரித்துச் சொல்ல வராது. அதுதான் அலெக்ஸிதைமியா. 1970களில் பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர் வைத்த பெயர். இது நோய் அல்ல, ஒரு தன்மை. 2019இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது இருந்தது, மற்றவர்களில் சுமார் 5 சதவீதம் பேருக்கு. அப்படியானால் ஆட்டிசம் உள்ள மீதிப் பாதிப் பேருக்கு இது இல்லை!

ஜெஃப் பேர்ட் என்ற ஆய்வாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். 2010இல் வந்த ஆய்வில், நெருங்கிய ஒருவருக்கு வலி கொடுக்கப்படுவதை அறியும்போது மூளை எப்படி எதிர்வினை காட்டுகிறது என்று பார்த்தார்கள். அந்த எதிர்வினை குறைந்தது அலெக்ஸிதைமியாவின் அளவைப் பொறுத்துத்தான், ஆட்டிசத்தைப் பொறுத்து அல்ல. 2013இல் முகபாவனைகளை வைத்துச் செய்த சோதனையிலும் அதே கதை. இரண்டு முகங்களுக்கு இடையிலான வித்தியாசம் அலெக்ஸிதைமியா உள்ளவர்கள் கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது, இது என்ன உணர்ச்சி என்று சொல்வதில்தான் தடுமாற்றம்.

தம்பியின் ஆபீசில் உட்காரும் இடத்தை மாற்றியபோது, "வயிறு என்னமோ பண்ணுது" என்று வந்து படுத்துவிட்டான். அம்மா கஷாயம் வைத்தார்.

"பயமா இருக்காடா?"

"தெரியலக்கா."

"சரி, உடம்புல வேற எங்க என்ன பண்ணுது?"

"தாடை வலிக்குது. காலையிலிருந்து பல்லைக் கடிச்சுட்டே இருக்கேன்."

பயம் முழுசாக இருந்தது, பெயர்தான் வரவில்லை. இப்போதெல்லாம் வீட்டில் நாங்கள் உடம்பைப் பற்றித்தான் முதலில் கேட்கிறோம்.

அதற்காக ஆட்டிசத்தில் சிரமமே இல்லை என்று சொல்ல வரவில்லை. எதிரில் இருப்பவர் மனதில் என்ன ஓடுகிறது, எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று ஊகிப்பது பலருக்குக் கஷ்டம்தான், அலெக்ஸிதைமியா இல்லாவிட்டாலும். ஆனால் அதுவும் ஒருபக்கக் குறை அல்ல என்று ஆட்டிசம் உள்ள ஆய்வாளரான டேமியன் மில்டன் 2012இல் எழுதினார். அவர்களுக்கு நம்மைப் புரியாத அளவுக்கு நமக்கும் அவர்களைப் புரிவதில்லை என்பது அவர் வாதம். என் உறவினர்களைப் பார்க்கும்போது அது எவ்வளவு சரி என்று தோன்றுகிறது. தம்பி பேசாமல் உட்கார்ந்திருந்தால் அது திமிர் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள், ஒருவர்கூட அவனிடம் கேட்பதில்லை.

பெரியவர்களுக்கு ஆட்டிசம் பரிசோதனைக்குப் போனால் அலெக்ஸிதைமியாவையும் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். டொரண்டோ அளவுகோல் என்ற 20 வாக்கியங்கள் கொண்ட படிவம் இருக்கிறது. கவுன்சலிங் போவதாக இருந்தால் அலெக்ஸிதைமியா இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. "இப்போ எப்படி உணர்றீங்க?" என்று ஆரம்பித்தால் பலர் "தெரியல" என்று அங்கேயே நின்றுவிடுவார்கள், ஒத்துழைக்கவில்லை என்று கவுன்சலர் நினைத்துக்கொள்வார்.