மூன்று மணி விழிப்பும் இரண்டு மாத்திரையும்

கேள்வி: எனக்கு வயது 44. எட்டு மாதமாகத் தூக்கம் சரியில்லை. படுத்தால் ஒரு மணி நேரம் புரள்கிறேன். எப்படியோ தூங்கினாலும் மூன்று மணிக்கு விழிப்பு வந்து, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. ஈசிஜி, எக்கோ பார்த்துவிட்டு இதயத்தில் கோளாறு இல்லை என்றார்கள். பதற்றம் தணிக்கும் அல்பிரசோலம் 0.25 மில்லிகிராம் மாத்திரையில் பாதி போட ஆரம்பித்தேன். இப்போது முழுசாக இரண்டு தேவைப்படுகிறது. விட்ட தூக்கத்தைப் பிடிக்க ஒன்பது மணிக்கே படுத்துவிடுகிறேன். பகலெல்லாம் 'இன்றைக்கு ராத்திரி எப்படியோ' என்ற பயம்தான். மாத்திரையை உடனே நிறுத்திவிடலாமா? இது காலம் முழுக்க இருக்குமா?

பதில்: முதலில் மாத்திரை. உடனே நிறுத்தாதீர்கள். பல மாதம் எடுத்த அல்பிரசோலத்தைச் சட்டென்று விட்டால் பதற்றமும் தூக்கமின்மையும் முன்பைவிட மோசமாகத் திரும்பும், சிலருக்கு வலிப்புகூட வரலாம். உங்கள் டாக்டரின் கண்காணிப்பில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால்பங்குக்கு மேல் குறைப்பதில்லை. பலருக்கு அதைவிட மெதுவாகப் போக வேண்டியிருக்கும்.

இன்னொன்றும் யோசியுங்கள். இது உடம்பை விட்டுச் சீக்கிரம் இறங்கும் மருந்து. வழக்கமாகப் போடுகிறவர்களுக்கு அது இறங்கும் அதிகாலையில் பதற்றம் தலைதூக்குவது எங்களுக்குப் பழகிய சங்கதி. எதற்காகப் போடுகிறீர்களோ, அந்தப் படபடப்பில் ஒரு பங்கை அந்த மாத்திரையே தந்துகொண்டிருக்கலாம்.

சரி, ஏன் மூன்று மணி? தூக்கம் ஒரே நீட்டாக ஓடுவதில்லை. ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று. சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவில் எல்லோருமே லேசாக விழிக்கிறோம். நன்றாகத் தூங்குகிறவருக்குக் காலையில் அது நினைவிருக்காது, அவ்வளவுதான். ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் முதல் சில மணி நேரத்திலேயே முடிந்துவிடும். பின்பாதி மெல்லிய தூக்கம், கனவுத் தூக்கம். விடியலை ஒட்டி, உடம்பை விழிப்புக்குத் தயார்ப்படுத்தும் கார்டிசால் ஹார்மோனும் ஏற ஆரம்பிக்கும். நீங்கள் பத்து மணிக்குத் தூங்கினால் மூன்று மணிக்கு ஐந்து மணி நேரம் ஆகிவிட்டது. விழிப்பு வர அது இயல்பான நேரம்.

சிக்கல், விழித்த அடுத்த நிமிடத்தில் தொடங்குகிறது. கை செல்போனுக்குப் போகும். 3:10. 'இப்போ தூங்கினாகூட மூணு மணி நேரம்தான் கிடைக்கும்' என்று ஒரு கணக்கு. 3:40க்கு இன்னொரு கணக்கு. மூளைக்கு இது ஆபத்துச் செய்தி. அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமெடுக்கும். உங்கள் படபடப்பு பொய்யில்லை. இதயம் நன்றாக இருப்பதால்தான் பயத்துக்கு இவ்வளவு சரியாகப் பதில் சொல்கிறது. இப்படிப் பல இரவு போனால் படுக்கையே பயத்தின் அடையாளமாகிவிடும். சோபாவில் கண் சொருகியவர் கட்டிலில் படுத்ததும் விழித்துக்கொள்வது இதனால்தான்.

அப்புறம், அந்த ஒன்பது மணிப் படுக்கை. எட்டு மாதத்தில் நீங்கள் செய்ததில் தூக்கத்தை அதிகம் கெடுத்தது இதுதான் என்பேன். ஒன்பதிலிருந்து காலை ஆறரை வரை படுக்கையில் ஒன்பதரை மணி நேரம், அதில் ஐந்தரை மணி நேரம் தூக்கம் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு அறுபதுகூட இல்லை. மிச்சமெல்லாம் கவலைப்படப் பழகும் நேரம்.

நீடித்த தூக்கமின்மைக்கு மருத்துவ வழிகாட்டல்கள் முதலில் சொல்வது மாத்திரையை அல்ல, தூக்கத்துக்கான அறிவாற்றல் நடத்தை சிகிச்சையை. பெயர்தான் பயமுறுத்தும், அதன் முதுகெலும்பு இரண்டு விஷயம். ஒன்று, படுக்கை நேரத்தைச் சுருக்குவது. இரண்டு வாரம் தூக்கக் குறிப்பு எழுதுங்கள்: எப்போது படுத்தீர்கள், எப்போது எழுந்தீர்கள், சுமாராக எவ்வளவு தூங்கினீர்கள். சராசரி ஐந்தரை மணி நேரம் வந்தால், படுக்கைக்கு ஆறு மணி நேரம் மட்டும்: எழுவது 6:30, படுப்பது இரவு 12:30. முந்தின ராத்திரி எப்படிப் போயிருந்தாலும் எழும் நேரம் மாறக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை உட்பட. படுக்கையில் இருக்கும் நேரத்தில் 85 சதவீதம் தூங்குகிறீர்கள் என்று ஒரு வாரக் குறிப்பு காட்டினால் பதினைந்து நிமிடம் முன்னதாகப் படுக்கலாம். முதல் வாரங்கள் கஷ்டம்தான், பகலில் தள்ளாடும். அந்த நாட்களில் வண்டி ஓட்டாதீர்கள். வலிப்பு நோயோ இருதுருவ மனநோயோ (பைபோலார்) இருந்தால் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யவே கூடாது. உங்கள் விஷயத்திலும் மாத்திரைக் குறைப்போடு கோத்துச் செய்ய வேண்டியிருப்பதால் டாக்டரிடம் பேசிவிட்டே தொடங்குங்கள்.

இரண்டாவது, விழித்தபடி கட்டிலில் கிடக்காமல் இருப்பது. இருபது நிமிடம் போல ஆகிவிட்டது என்று தோன்றினால் (மணி பார்க்க வேண்டாம்) எழுந்து வேறு இடத்தில் மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள். சுவாரசியமில்லாத புத்தகம் ஒன்று போதும். கண் சொக்கும்போது திரும்பிப் படுக்கலாம். கடிகாரமும் போனும் கை எட்டாத தூரத்தில் இருக்கட்டும்.

பகல் பயத்துக்கு 'மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க' என்று சொல்லி அனுப்பும் வைத்தியத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. அலட்டிக்கொள்ளாமல் இருக்க முடிந்திருந்தால் நீங்கள் எழுதியே இருக்க மாட்டீர்கள். மாலையில் கால்மணி நேரம் ஒதுக்கி, கவலைகளையும் ஒவ்வொன்றுக்கும் நாளை செய்யக்கூடிய ஒரு வேலையையும் தாளில் எழுதுங்கள். இரவில் அதே கவலை வந்தால், அது ஏற்கெனவே தாளில் இருக்கிறது. தூக்கம் தவிர வீடு, வேலை, பணம் என எல்லாவற்றைப் பற்றியும் ஆறு மாதத்துக்கு மேலாக அடக்க முடியாத கவலை இருந்தால், அது தனியாகச் சிகிச்சை தேவைப்படும் பதற்ற நோயாக இருக்கலாம். மனநல மருத்துவரைப் பாருங்கள். எஸ்சிட்டாலோபிராம், செர்ட்ராலின் போன்ற மருந்துகள் அதற்கு உதவும். அவை வேலைசெய்யச் சில வாரம் ஆகும், முதல் சில நாளில் படபடப்பு கூடினாற்போலவும் இருக்கும். இது தெரியாமல் நாலாம் நாளே நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய.

தைராய்டு, ஹீமோகுளோபின் பார்த்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. பார்த்துவிடுங்கள். பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நிற்பதாக வீட்டில் சொன்னால் தூக்கப் பரிசோதனை வேண்டும். அந்த நிலையில் அல்பிரசோலம் நல்லதல்ல. காபி, டீயை மதியத்தோடு நிறுத்துங்கள். தூக்கத்துக்காக மது வேண்டாம், இந்த மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சையே மந்தமாக்கிவிடும்.

காலம் முழுக்க இருக்குமா என்று கேட்டீர்கள். இந்தச் சிகிச்சையை விடாமல் செய்கிறவர்களில் பெரும்பாலோருக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் மாற்றம் தெரிகிறது. எப்போதாவது ஒரு மோசமான ராத்திரி வரும். அடுத்த நாள் சீக்கிரம் படுக்காமல் இருந்தால் அது ஒற்றை ராத்திரியாகவே போய்விடும். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் மட்டும் இந்த வாரக் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். மற்றபடி அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது ஈசிஜி தாளோடு அந்த இரண்டு வாரத் தூக்கக் குறிப்பையும் எடுத்துப் போங்கள். அதைத்தான் அவர் முதலில் கேட்பார்.